வண்டி போடும் சத்தம் என்ன சொல்கிறது?



ஆடு, கறவை மாடு, தையல் மெஷின் என்று கடன் வாங்கிய குழுக்கள் இப்போது வண்டியும் வாங்குகின்றன. அரக்கோணம், திருத்தணி பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் தெருமுனையில் ஒரு குட்டி யானை நிற்கிறது. 2005ஆம் ஆண்டு டாடா நிறுவனம் 'ஏஸ்' என்ற பெயரில் இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜினோடு கொண்டுவந்த சின்ன சரக்கு வண்டிக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர்தான் குட்டி யானை. கத்திரிக்காய், பூக்கூடை, நெல் மூட்டை, கல்யாணப் பாத்திரம் எல்லாம் அதில்தான் போகிறது. சில வீடுகளில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரும் இருக்கிறது, வாடகைக்கு ஓடுகிறது.

வண்டி நின்றாலும் வங்கித் தவணை நிற்காது. அதனால்தான் இந்த இதழின் பாடத்துக்கு வண்டிப் பழுதை எடுத்துக்கொண்டோம். எல்லோரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்பதில்லை. வண்டி வழக்கமில்லாத சத்தம் போட்டால் அது எங்கிருந்து வருகிறது, நாமே சரி செய்யலாமா, பட்டறைக்குப் போக வேண்டுமா, இல்லை அந்த நிமிஷமே வண்டியை நிறுத்த வேண்டுமா என்று தெரிந்தால் போதும்.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர்கள் வண்டியில் 'ஊஊம்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஆடிக் கிருத்திகை என்றால் உங்களுக்குத் தெரியும். திருத்தணி மலைக்குப் பூக்காவடி சாரை சாரையாக வரும், பூ ஏற்றுகிற வண்டிக்கு ராத்திரி பகல் ஓய்வு இருக்காது. டிரைவர் தம்பி வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். "இன்ஜினை இறக்கணும், 35,000 ரூபாய் ஆகும், ஒரு வாரம் வண்டி இங்கயே இருக்கணும்" என்று பதில் வந்தது. குழு அவசரக் கூட்டம் போட்டது. சேமிப்பிலிருந்து பணம் எடுக்கத் தீர்மானம் எழுதிக் கையெழுத்துக்கு வைத்தார்கள். அப்போது பவர்லூம் ஓட்டும் ஒரு அக்கா டிரைவரிடம் கேட்டார்.

"வண்டி நிக்கும்போது அந்தச் சத்தம் வருதா தம்பி?"

"நிக்கும்போது வரல அக்கா. நாப்பதுல போகும்போதுதான் வருது."

"நிக்கும்போதும் இன்ஜின் ஓடிக்கிட்டுதானே இருக்கு? அப்போ ஏன் சத்தம் இல்ல?"

தீர்மானத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனார்கள், இந்தக் கேள்வியையே அவரிடமும் சொன்னார்கள். அவர் இன்ஜின் பக்கமே போகவில்லை. சக்கரம் ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார். முன்பக்க இடது சக்கரம் சுற்றும்போது கரகரவென்று உரசியது. பேரிங் தேய்ந்திருந்தது. மறுநாள் மதியம் வண்டி தயார், செலவு 2,000 ரூபாய்க்குள்.

முதல் பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். "இன்ஜின்ல சத்தம் வருது" என்று சொன்னார்கள், அவர் இன்ஜினைப் பார்த்தார். டாக்டரிடம் போய் வயிற்றுவலியைத் தலைவலி என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? சத்தத்தைச் சரியாகச் சொல்வதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

காது நமக்குப் பழக்கமான கருவி

"எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லும் அக்காக்களைக் கேட்கிறேன். மண் சட்டி வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பது எதற்கு? நல்ல சட்டி 'டங்' என்று சொல்லும், விரிசல் விட்டது 'டொப்' என்று சொல்லும். மிக்சியில் பிளேடு தளர்ந்தால் சத்தம் மாறுவதை அடுப்படியிலிருந்தே கண்டுபிடிக்கிறீர்கள். பொதட்டூர்பேட்டை பக்கம் தறி ஓட்டும் பெண்கள் நான்கு தறிக்கு நடுவில் நின்றுகொண்டு எந்தத் தறி வம்பு பண்ணுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார்கள்.

ரயில்வேயிலும் இதே வித்தைதான் இருந்தது. அரக்கோணம் ரயில்வே ஊர். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை போட்டபோதே நம் ஊர் வழியாகத்தான் போனது. நீராவி ரயில் காலத்தில் ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது ஒரு ஊழியர் நீளமான கைப்பிடிச் சுத்தியலோடு சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணி மாதிரி ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகக் கேட்கும். அந்தக் காது நம்பகமாக இருந்ததால்தான் ஜனங்கள் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பும் இப்படித்தான் வந்தது. 1816இல் பிரான்சில் லென்னக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஒரு நோயாளிப் பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டார், அதுதான் ஆரம்பம்.

நாமும் அப்படி ஒன்று வைத்துக்கொள்ளலாம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் ஓஸில் மூன்று அடி வெட்டுங்கள். ஒரு முனை காதில், இன்னொரு முனை சத்தம் வரும் இடத்துக்கு நேராக. ஓடுகிற பெல்ட்டுக்கோ ஃபேனுக்கோ பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. நான்கைந்து இடத்தில் மாற்றி மாற்றி வைத்தால் எங்கே சத்தம் அதிகம் என்று தெரிந்துவிடும்.

முதலில் கேட்க வேண்டியது

சத்தம் வந்தவுடன் ஸ்பானரை எடுக்காதீர்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து லேசாக ஆக்சிலேட்டரை அழுத்தச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்து, ஆக்சிலேட்டர் கூடக் கூட அதுவும் கூடினால் இன்ஜின் பக்கம். நிற்கும்போது வராமல் ஓடும்போது மட்டும் வந்தால் சக்கரம், பிரேக், பின்னால் போகும் தண்டு, இவற்றில் ஒன்று. இந்த ஒரு சோதனையே பாதி சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

அதன் பிறகு மற்றதைப் பாருங்கள். காலையில் குளிர்ந்த வண்டியில் மட்டும் வருகிறதா, சூடானபிறகும் வருகிறதா? பிரேக் பிடிக்கும்போதா? ஸ்டியரிங் திருப்பும்போதா? கிளட்ச் மிதிக்கும்போதா, விடும்போதா? பாரம் இருக்கும்போதா, காலி வண்டியிலுமா? வலதா இடதா, முன்னா பின்னா? டிரைவர் ஓட்டும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்டால் நன்றாகத் தெரியும், ஓட்டுகிறவருக்கு ரோட்டில்தான் கவனம் இருக்கும்.

சத்தத்தின் பெயர் பற்றிக் கவலைப்பட வேண்டாம். திருத்தணி பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் அக்காக்கள் ஒன்று சொல்வார்கள், அரக்கோணம் பக்கம் வேறொன்று சொல்வார்கள். வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுங்கள். சிரிப்பு வரும், ஆனால் மெக்கானிக்குக் கட்டாயம் புரியும். செல்போனில் பதிவு செய்து கொண்டுபோவது அதைவிட நல்லது, ஏனென்றால் பட்டறைக்குப் போனதும் சத்தம் நின்றுவிடும். டாக்டர் வீட்டு வாசலில் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்குகிற மாதிரிதான்.

இன்னொன்று, வண்டியைக் காலி பண்ணிப் பாருங்கள். பின்கதவுச் சங்கிலி, தளர்ந்த ஸ்டெப்னி, பெட்டியில் உருளும் ஜாக்கி, டயர் பள்ளத்தில் மாட்டிய ஜல்லிக்கல், இவையெல்லாம் பெரிய பழுது மாதிரி சத்தம் போடும். வேகம் கூடக் கூட 'டிக் டிக் டிக்' என்று வேகமாக அடித்தால் முதலில் டயரைத்தான் பார்க்க வேண்டும். கல்லை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தால் முடிந்தது, ஆணியாக இருந்தால் மட்டும் பிடுங்காமல் பஞ்சர் கடைக்குப் போங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீஈஈச்' என்று கத்தி, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் அது பெரும்பாலும் பெல்ட். இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பெல்ட்டின் நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலம் மாதிரி உள்ளே போனால் சரி. தொட்டில் கயிறு மாதிரி தொங்கினால் தளர்ந்திருக்கிறது. உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வெடிப்போ பளபளப்போ இருந்தால் மாற்ற வேண்டும். சந்தேகம் இருந்தால், வண்டி நின்றிருக்கும்போதே பெல்ட் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தம் குறைந்தாலும் கூடினாலும் குற்றவாளி பெல்ட்தான். பல வண்டிகளில் இந்தப் பெல்ட்தான் டைனமோவையும் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அது நடுவழியில் அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஆகாது, இன்ஜின் கொதித்துவிடும். சில நூறு ரூபாய்ப் பெல்ட்டைப் பார்க்காமல் விட்டு இன்ஜினையே கெடுத்தவர்கள் உண்டு.

சாவி திருப்பினால் 'டிக்டிக்டிக்டிக்' என்று வேகமாக அடித்து, இன்ஜின் சுற்றவே இல்லை என்றால் பேட்டரியில் தெம்பில்லை, அல்லது பேட்டரி முனையில் வெள்ளையாகப் பச்சையாகப் பூத்திருக்கிறது. ஒரே ஒரு 'டக்' மட்டும் வந்து நின்றுவிட்டால் செல்ஃப் மோட்டார் பக்கம் பழுது இருக்கலாம், அதை எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். முனையில் பூத்திருப்பதை நாமே சுத்தம் செய்யலாம். முதலில் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். வெந்நீரில் சமையல் சோடா கலந்து பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். திரும்ப மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் மறுபடி சீக்கிரம் பூக்காது.

இங்கே நம் பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேட்டரி மேல் குனியும் முன் இரும்பு, தங்கம், கவரிங் எந்த வளையலாக இருந்தாலும் கழற்றுங்கள். தாலிச் சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். சங்கிலி பிளஸ் முனையையும் வண்டி இரும்பையும் சேர்த்துத் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து கழுத்தைச் சுட்டுவிடும். ஸ்பானரும் அப்படித் தொடக் கூடாது. பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது, பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் முந்தானை, துப்பட்டா, பின்னல் எதுவும் தொங்கக் கூடாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் வேலை. நடவு நடும்போது செருகுவதில்லையா, அதே மாதிரி.

இன்ஜின் மேல்பக்கம் தையல் மெஷின் ஓடுவது மாதிரி 'டக்கடக்கடக்க' என்று லேசாக அடித்தால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் விடுங்கள். ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி முழுக்க உள்ளே விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் நிற்க வேண்டும். டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாக இருப்பது சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஆயில் குறைந்திருந்தால் வண்டிப் புத்தகத்தில் எழுதியிருக்கும் அதே ரக ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல். ஆயில் சரியாக இருந்தும் சத்தம் வந்தால் டேப்பட் செட் செய்ய வேண்டியிருக்கலாம், அது பட்டறை வேலை.

சைலன்சர் பக்கம் தகர டப்பா ஆடுவது மாதிரி சத்தம் வந்தால் கிளாம்ப் தளர்ந்திருக்கும். வண்டி நன்றாக ஆறியபிறகு ஸ்பானரால் முடுக்கலாம். டிராக்டர் மாதிரி 'படபட'வென்று சத்தம் பெரிதாகிவிட்டால் சைலன்சரில் ஓட்டை. இதைச் சத்தம் மட்டும்தானே என்று விடாதீர்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கேபினுக்குள் வந்தால் முதலில் தலைவலி, மயக்கம், பிறகு உயிருக்கே ஆபத்து. மார்க்கெட்டில் விடியக்காலை வரை காத்திருக்கும் டிரைவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. வீட்டில் உங்கள் பிள்ளையோ கணவரோ டிரைவராக இருந்தால் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய சத்தங்கள்

இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக் டொக்' என்று உலக்கையால் இடிப்பது மாதிரி கனமான சத்தம் வந்தால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். உள்ளே பேரிங் அடி வாங்குகிறது. குளிர்ந்த டீசல் இன்ஜின் காலையில் கொஞ்ச நேரம் தடதடப்பது வேறு, அது வழக்கம். இது சூடானபிறகும் இருக்கும், பாரம் ஏறினால் அதிகமாகும். மீட்டரில் ஆயில் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தாலும் இதே விதி. "அடுத்த ஊர் வரைக்கும் ஓட்டிடலாம்" என்று ஓட்டினால்தான் அந்த 35,000 ரூபாய்ச் செலவு நிஜமாகவே வரும். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகும் செலவு அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

பிரேக் பிடிக்கும்போது 'கீச்' என்று வந்தால் அது முன்னறிவிப்பு. ராத்திரி மழை பெய்து காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் வந்து நின்றுவிட்டால் துருதான், பயமில்லை. தினமும் வந்தால் பேடு, லைனிங் தேய்ந்துகொண்டு வருகிறது, அந்த வாரமே பாருங்கள். 'கர்ர்ர்' என்று இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் வந்தால் அதோடு வண்டி எடுக்கக் கூடாது. திருத்தணி மலைப்பாதையில் ஏறி இறங்கும் வண்டிக்கு இது விளையாட்டில்லை. இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கம் நம் டிரைவர்கள் சிலரிடம் இருக்கிறது. பாரம் முழுக்கப் பிரேக் மேல் விழும், பிரேக் சூடாகிக் கருகின வாசனை வரும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவதுதான் பாதுகாப்பு.

மெதுவாகப் போகும்போது சக்கரத்தில் 'டக்... டக்...' என்று வந்து வண்டி ஆடினால் சக்கர நட் தளர்ந்திருக்கலாம். பஞ்சர் ஒட்டி மாட்டிய மறுநாள் இது நடக்கும். நிறுத்தி, வீல் ஸ்பானரால் எதிரெதிர் நட்டாக முடுக்குங்கள். நட் துளையே பெரிதாகியிருந்தால் அந்தச் சக்கரத்தோடு ஓட்ட வேண்டாம்.

'உஸ்ஸ்ஸ்' என்று ஆவியோடு சத்தம் வந்தால் ரேடியேட்டர் கொதிக்கிறது. இது குக்கர் மாதிரியே. விசில் அடிக்கும் குக்கரை யாராவது திறப்போமா? மூடியைத் தொடாதீர்கள். இன்ஜினை அணைத்து அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிட்டு, மேல்குழாயைத் துணியால் தொட்டுப் பார்த்துச் சூடு போனபிறகு தடித் துணி போட்டு மெல்லத் திறக்க வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே விரிசல் விடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் மிதித்தால் மட்டும் வரும் சத்தம் கிளட்ச் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வருவது கியர் பாக்ஸ் பக்கம். வண்டி கிளம்பும்போது பின்னால் 'டணக்' என்றால் பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம். முன்சக்கரம் இழுக்கும் காரில் முழுசாக வளைக்கும்போது 'டகடகடக' என்றால் முன் ஆக்சில் ஜாயிண்ட். இவை எதுவும் வீட்டு வேலை இல்லை. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று நாம் சொல்லலாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார்கள் அதிகம். மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் போட்ட விளக்கு எரிந்தால் காது மட்டும் போதாது, கணினியில் மாட்டிப் பார்க்கும் வசதி உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

எந்த வேலையானாலும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, அடியில் ஸ்டாண்டு கொடுத்தபிறகுதான் மெக்கானிக்கே படுக்க வேண்டும். நாம் படுக்கவே வேண்டாம்.

"இது ஆம்பளைங்க வேலையாச்சே"

கூட்டத்தில் இதைப் பேசினால் யாராவது ஒருவர் இப்படிச் சொல்வார். அவருக்கு ஒரு கதை சொல்லுங்கள், நிஜக் கதை. ஜெர்மனியில் காரைக் கண்டுபிடித்தவர் கார்ல் பென்ஸ். அந்தக் காரை நம்பி வாங்க ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு மன்ஹைம் ஊரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் ஊரில் இருந்த அம்மா வீட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். அதற்கு முன் அவ்வளவு தூரம் யாரும் கார் ஓட்டியதில்லை. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை எடுத்தார். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். மரப் பிரேக் தேய்ந்தது. செருப்பு தைப்பவரிடம் சொல்லித் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். பிரேக் லைனிங் என்று இன்று நாம் மாற்றுகிறோமே, அதற்கு ஆரம்பம் இதுதான் என்று சொல்வார்கள். ஊசியையும் தோலையும் வைத்து ரோட்டோரத்தில் முதன்முதலில் கார் ரிப்பேர் பார்த்தது ஒரு அம்மாதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1990களில் உத்தரப்பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில், மகிளா சமாக்யா திட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் அடிபம்பு மெக்கானிக் பயிற்சி எடுத்தார்கள். ஸ்பானர் பிடித்தார்கள், குழாயை மேலே இழுத்து வாஷர் மாற்றினார்கள். முதலில் கேலி செய்த ஊர்க்காரர்களே பம்பு கெட்டால் அவர்களைத் தேடி வந்தார்கள். பம்பு ரிப்பேர் பார்க்க ஆள் வருகிற வரைக்கும் தூரத்தில் போய்த் தண்ணீர் சுமந்தது பெண்கள்தானே! வண்டிக் கடனிலும் அப்படித்தான். தவணைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் நாம்.

பட்டறைக்குப் போகும்போது

குழு வண்டிக்கு ஒரு நோட்டு போடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன சத்தம், எப்போது வந்தது, என்ன செய்தோம், எவ்வளவு செலவு. நாலு வரி போதும். ஆயில் எப்போது மாற்றினோம், பெல்ட் எப்போது மாற்றினோம் என்பது எல்லாம் அதில் இருந்தால், "மூணு மாசத்துக்கு முன்னாடிதானே அண்ணே பெல்ட் போட்டோம்?" என்று கேட்க முடியும்.

பட்டறையில் பேசும் முறையும் முக்கியம். "வண்டி ஒரு மாதிரி சத்தம் போடுதுங்க, பாத்துக்கோங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் நம் கட்டுப்பாடு போய்விட்டது. "அண்ணே, நாப்பது கிலோமீட்டர் வேகத்துல முன்பக்கம் இடது பக்கம் 'ஊம்'னு வருது. நிக்கும்போது இல்ல. வலது பக்கம் திருப்பும்போது அதிகமா இருக்கு. சக்கரத்தை முதல்ல பாருங்க. பிரிக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க." இப்படிச் சொன்னால் நல்ல மெக்கானிக் சந்தோஷப்படுவார், அவர் வேலையும் குறையும். கோபப்படுகிற மெக்கானிக்கைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். புதிய பாகத்தின் அட்டைப்பெட்டியையும் பில்லையும் நோட்டில் வையுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் செலவு என்றால் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டிய பிறகுதான் பணம் எடுப்பது என்று குழுவில் முதலிலேயே தீர்மானம் போட்டு வைத்தால் அவசரத்தில் தடுமாற்றம் இருக்காது.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய

வண்டி உள்ள குழுக்கள் அடுத்த கூட்டத்தை வண்டி பக்கத்திலேயே வையுங்கள். குட்டி யானை என்றால் சீட்டைத் தூக்குங்கள், கார் என்றால் முன்மூடி. ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு தடவை ஆயில் குச்சியைத் தன் கையால் எடுத்துப் பார்க்க வேண்டும், பெல்ட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் நல்ல நிலையில் ஓடும் இன்ஜின் சத்தத்தைக் கேளுங்கள். நல்ல சத்தம் காதில் பதிந்தால்தான் கெட்ட சத்தம் தெரியும்.

வண்டி இல்லாத குழுக்கள் இவற்றைப் பேசலாம்: உங்கள் ஊரில் மாவு மில், பவர்லூம், தண்ணீர் மோட்டார், இவற்றில் எது எந்தச் சத்தம் போட்டபிறகு நின்றது? அதற்கு எத்தனை நாள் முன்பே அந்தச் சத்தம் கேட்டது? யார் முதலில் கேட்டார்கள், யாரிடம் சொன்னார்கள்?

பேசியதை ஊக்குநர் எழுதி, மாதக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவந்து கொடுக்கவும்.